ஏழாவது விரல்

அத்தியாயம் 9

விமான நிலைய வாசலில் அம்மா அழுததும், அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் நாலு நிமிஷம் அழலாம், அப்புறம் அவ உள்ள போகணும்" என்று அனுமதி கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லாதவர்களுக்கும், இந்த வாரம்தான் பத்திரிகையை யாரிடமோ இரவல் வாங்கியவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சின்னவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் படாத பாடு பட்டாள். கடைசியில் கோர்ட்டில் விடுதலை வாங்கினாள். அவர் அவள் பக்கமே வரக்கூடாது என்று தனியாக ஒரு உத்தரவும் வாங்கினாள். இப்போது முதல் தடவையாகத் தன்னந்தனியாக, பதினோரு நாள், கடல் தாண்டி ஊர் பார்க்கப் போயிருக்கிறாள்.

அந்த டாக்டர் கை நீட்டுகிற ஆள் இல்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டார். மியூசியம் பார்க்கணும் என்று அவள் கேட்ட அன்றைக்கு, "செத்தவங்க சாமானை டிக்கெட் வாங்கிப் பார்க்கணுமா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டார். இவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கே கை சில்லிட்டுப் போகிறது. என்ன செய்வது, எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பா, பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். ஒரு வண்டிக்கும் ஒரு நாளும் தப்பாக நேரம் சொன்னதில்லை. மகளின் பயணத்துக்கும் கட்டம் போட்டு ஒரு அட்டவணை எழுதினார். எந்த நாள், எத்தனை மணிக்கு எந்த மியூசியம், எந்தக் கோபுரம், எந்தச் சிலை, எந்தச் சந்தையில் சாப்பாடு, எல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதினார். கூடவே ஒரு விதியும் போட்டார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட வேண்டும். படத்தில் அன்றைக்கு எத்தனாவது நாளோ அத்தனை விரல் காட்ட வேண்டும்.

"பழைய படத்தைப் போட்டு, 'நல்லா இருக்கேன்'னு கதை விடக்கூடாது பார்" என்றார்.

ஐந்து நாள் ஒழுங்காகப் போயிற்று. ஒரு கையில் போன், ஒரு கையில் விரல். திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே ஒரு விரல். நாலு மாடி உயரத்துக்குச் சுவரில் வரைந்த மீன்காரியின் முன்னால் மூன்று விரல். ஆறாம் நாள் வந்தால் இரண்டு கையும் வேண்டும், அப்போது போனை யார் பிடிப்பது என்று விதி போட்ட அந்த மகா புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருந்தால் போன வாரமே ஒரு கடிதம் போட்டிருக்கலாம்.

இன்று ஆறாம் நாள்.

*

மத்தியானம் ஒரு மணிக்கு முதல் படம் வந்தது. அங்கே நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், அதனால் அவளுக்கு அப்போது காலைச் சாப்பாட்டு நேரம்.

கறுப்பு ரொட்டி, வெண்ணெய், ஆவி பறக்கும் ஒரு கிண்ணம் சூப். சாப்பாட்டுப் படத்துக்கு விரல் விதி கிடையாது, அது அம்மாவின் இலாகா. அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள்.

"வெண்ணெய் நல்லாத்தான் வெச்சிருக்காங்க. உடம்பு கொஞ்சம் தேறும்."

சொல்லிவிட்டு, சின்னவள் ஏற்கெனவே குரூப்பில் போட்ட அதே படத்தை எடுத்துத் திரும்பவும் அதே குரூப்பில் போட்டு, 'சாப்பிட்டுட்டா' என்று எழுதினாள். அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது குரூப்புக்குப் போகாமல் தங்காது. அவள் தங்கை, ஓரகத்தி, நாத்தனார் எல்லாரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

பெரியவள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. மற்றவர்கள் முகத்தில் இருக்கும் கருவளையம், முகப்பரு, தழும்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைப்பது. அதனால் அவள் கண் எந்தப் படத்திலும் மூலையைத்தான் முதலில் பார்க்கும்.

"அம்மா, இங்க பார். ரெண்டு கப் இருக்கு."

"பக்கத்துல யாராவது உட்கார்ந்திருப்பாங்க. பேச்சுத் துணை கிடைச்சா நல்லதுதானே? நீ எதையாவது கிளப்பாதே."

பெரியவள் கிளப்பவில்லை. கை கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

*

இரண்டரை மணிக்கு ஸ்டுடியோவில் ஒரு ஆள் தன் பாஸ்போர்ட் படத்தில் கொஞ்சம் முடி சேர்க்கச் சொல்லித் தகராறு செய்துகொண்டிருந்தார்.

"சார், படத்துல முடி இருந்து தலையில இல்லன்னா ஏர்போர்ட்ல பிடிச்சுடுவாங்க."

"அப்போ நான் விக் வெச்சுக்கிட்டுப் போறேன்மா."

அந்த நேரத்தில்தான் இரண்டாவது படம் வந்தது. ஊர் நடுவில் இருக்கும் சதுக்கம். அங்கே வீடு உயரத்துக்கு ஒரு எஃகு உருண்டை. யாரோ ஒரு சிற்பி செய்து வைத்தது, கண்ணாடி போலத் தேய்த்து மினுக்கியிருந்தது. அதன் முன்னால் சின்னவள் நிற்கிறாள். இரண்டு கையையும் தூக்கி விரல் காட்டுகிறாள். இடது கையில் ஐந்து. வலது கையில் இரண்டு.

குரூப்பில் அப்பா உடனே எழுதினார்: 'இன்று ஆறு. ஏழு அல்ல. கணக்கு கவனம்.'

பெரியவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. அவர் மகளாய்ப் பிறந்து, அவர் விரல் பிடித்து நடந்து, சின்னவள் நாளை மறப்பாளா? கல்யாணத்தன்றுகூட மணி பார்த்துச் சாப்பிடப் போன பெண் அவள்.

படத்தைப் பெரிய திரையில் போட்டாள். தங்கையின் முகத்தைப் பெரிதாக்கினாள். சிரிப்பு இருந்தது. உதடு மட்டும்தான் சிரித்தது. தினமும் இருநூறு முகத்தைத் துடைக்கிறவளுக்கு இது தெரியாதா? பிறகு அந்த உருண்டையைப் பெரிதாக்கினாள். அதில் சதுக்கம் முழுவதும் வளைந்து தெரிந்தது. புறாக்கள், ஒரு பெஞ்ச், சின்னவளின் முதுகு. அவளுக்கு எதிரே, போனைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள்.

இன்னும் பெரிதாக்கினாள். புள்ளி புள்ளியாக உடைந்தது, ஆனாலும் உருவம் தெரிந்தது. வலது கையில் போன். இடது கை முதுகுக்குப் பின்னால்.

அந்த நிலையை அவள் நாலு வருஷம் பார்த்திருக்கிறாள். டாக்டர் வீட்டில் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுப்பார். எப்போதும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பல் தெரியட்டும், வலிக்காது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

உருண்டையில் அந்த ஆளின் இடுப்பு ஓரத்தில் மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. சின்னவளின் தோள் காலியாக இருந்தது. அவளுடைய மஞ்சள் பை, பாஸ்போர்ட் வைத்திருக்கிற பை, அந்த முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"முடி சேர்க்கறீங்களா இல்லையாம்மா?" என்றார் பாஸ்போர்ட் ஆள்.

"சேர்த்துக்கலாம் சார், நாளைக்கு வாங்க" என்றாள் பெரியவள். தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி அவளுக்கே கேட்டது.

தங்கைக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் செய்தி வந்தது: 'அக்கா, நான் நன்றாக இருக்கிறேன். பிறகு பேசுகிறேன்.'

சின்னவள் பிறந்ததிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. 'ஏய் பெரிசு' என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் போன் அவள் கையில் இல்லை என்பது பெரியவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

*

பல் டாக்டரின் கிளினிக் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கோர்ட் விவகாரத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் குடும்பத்தில் யாரும் கால் வைத்ததில்லை. அப்படித்தான் பெரியவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் 'டாக்டர் விடுமுறை' என்று அட்டை தொங்கியது. உள்ளே நர்ஸ் மட்டும் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கக்கா! கேள்விப்பட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"எதைக் கேள்விப்பட்டே?"

"டாக்டரும் மேடமும் சேர்ந்துட்டாங்களாமே! மேடம் முன்னாடியே போயிட்டாங்களாம், இவர் நேத்து பின்னாடியே கிளம்பினார். பதினோரு நாள் ஜோடியா டூர். போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தார்."

பெரியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கெங்க போறாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"இதோ, இதுலதான் எல்லாம் இருக்கே" என்று நர்ஸ் மேஜைக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். "ஒரிஜினலை டாக்டர் கொண்டு போயிட்டார். நான் ஆசையா ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டேன். என்ன அழகு கையெழுத்து!"

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கட்டம் போட்ட ஒரு தாள். மணி, இடம், சாப்பாடு, திரும்பும் நேரம். கீழே டிப்போ வழக்கப்படி ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பெரியவளின் ரிப்போர்ட் கார்டு எல்லாம் பள்ளிக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

*

"மூணாவது காப்பி எங்கப்பா?"

ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்பா ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டவணைக்கு முன்னால், ஆறாம் நாளின் இரண்டாம் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

டிப்போவில் எந்தத் தாளும் கார்பன் வைத்து மூன்று காப்பி எடுப்பது அவர் பழக்கம். ஒன்று வண்டிக்கு, ஒன்று சுவருக்கு, ஒன்று சட்டைப் பைக்கு. மளிகை லிஸ்ட்கூட மூன்று எழுதுவார். சின்னவளுக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று. மூன்றாவது?

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"என்னடி இப்போ…"

"அப்பா, மூணாவது காப்பி எங்க?"

அவர் மெதுவாக உட்கார்ந்தார். புதுப் பல் செட் வாய்க்குள் ஒரு தடவை 'க்ளிக்' என்றது.

வாசகர்களே, அப்பாவின் பல் செட்டைப் பற்றி இதுவரை எங்கும் நான் எழுதவில்லை. அவருக்கு மேல் வரிசைப் பல் கட்ட அளவெடுத்ததே அந்த மாப்பிள்ளைதான். அளவெடுத்த மறுவாரம் சின்னவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒன்றரை வருஷம் அப்பா கஞ்சியும் கூழுமாகக் காலம் தள்ளினார். பிறகு ஒருநாள் புதுப் பல்லோடு வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கட்டினேன் என்றார். எல்லாரும் நம்பினார்கள்.

"அளவு எடுத்தவர்கிட்டயே முடிச்சுக்கறதுதானே முறை?" என்றார் இப்போது, தரையைப் பார்த்துக்கொண்டு. "வண்டியைப் பாதி வழியில டிரைவர் மாத்தினா…"

"அப்பா!"

"போன வாரத்துக்கு முந்தின வாரம் ஈறுல குத்துதுன்னு போனேன். மாப்பிள்ளை வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டே, 'சின்னவ எப்படி இருக்கா மாமா?'ன்னு அவ்வளவு தன்மையா கேட்டார். கண்ணுல தண்ணி இருந்த மாதிரி இருந்துது. நான் வாயைத் திறந்து வெச்சிருந்தேன், என்னத்தைச் சொல்ல? பையிலேருந்து எடுத்துக் காட்டினேன். 'எவ்வளவு பிரமாதமா போட்டிருக்கீங்க'ன்னார். அப்படியே குடுத்துட்டேன். எனக்கு… யாருடி இப்பல்லாம் என் சார்ட்டைப் பார்த்து அப்படிச் சொல்றா?"

அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

"மறுபடி சேர்ந்துட மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை" என்றார் அப்பா. "நான் பெத்தவன்டி. தப்புப் பண்ணிட்டேன்."

பெரியவள் பெரிதாக்கிய படத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் அந்த உருண்டையைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் போன கையைப் பார்த்தார்.

"அவ ஏன் கத்தல?" என்று அம்மா அழுதாள். "அவ்வளவு ஜனம் நடமாடுற இடத்துல ஒரு சத்தம் போடக் கூடாதா?"

"போட்டா அவர் சிரிப்பார்மா. 'என் மனைவிக்கு மனசு சரியில்லை'ன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட தன்மையா சொல்வார். பாஸ்போர்ட்டும் போனும் அவர் கையில. யாரை நம்புவாங்க? அவளுக்கு இருக்கறது பத்து விரல். அதுல ஒண்ணை அதிகமா காட்டியிருக்கா. நமக்குத் தெரியணும்னு."

*

யோசிக்க வேண்டியது ஒன்றுதான். இப்போது அவள் எங்கே இருக்கிறாள்?

"அட்டவணைப்படிதான் கூட்டிட்டுப் போவார்" என்றாள் பெரியவள். "படம் நின்னா நமக்குச் சந்தேகம் வரும்னு அவருக்குத் தெரியும்."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது. ஐந்தரையைக் கழித்தார். "பதினொன்னு பத்து. பத்தரையிலேருந்து ஒரு மணி வரைக்கும் பெரிய மியூசியம். ரெண்டாவது மாடி, கடிகாரக் கூடம்." அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "அவ பார்க்கணும்னு நான்தான் போட்டேன். உலகத்துல இருக்கற பழைய கடிகாரமெல்லாம் அங்க இருக்காம்."

மியூசியத்தின் நம்பரும் அட்டவணையின் ஓரத்திலேயே இருந்தது. அவர் வேலை அப்படி.

நாலு தடவை யாரோ எடுத்து யாருக்கோ மாற்றிவிட்டார்கள். ஐந்தாவதாக ஒரு பெண் குரல். தான் காவல் மேற்பார்வையாளர் என்றது. பெரியவள் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். கோர்ட் உத்தரவு, மஞ்சள் பை, முதுகுக்குப் பின்னால் கை. அந்தப் பெண் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"போலீசுக்குச் சொல்லிவிடுகிறேன். வர இருபது நிமிஷம் ஆகும். அதுவரை உங்கள் தங்கையின் பேரைச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கட்டுமா?"

"வேண்டாம்!" என்றார் அப்பா, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர். "பேரைச் சொன்னா அவன் இழுத்துக்கிட்டுப் போயிடுவான். நான் சொல்றபடி சொல்லச் சொல்லு. ஏழாம் நம்பர் பயணிகளோட வண்டி பத்து நிமிஷத்துல கிளம்புது. ஏழாம் நம்பர் உடனே பை வைக்கிற கவுண்டருக்கு வரவும். ரெண்டு தடவை சொல்லணும். நிறுத்திச் சொல்லணும்."

மாப்பிள்ளை 'அவன்' ஆனது அவருக்கே தெரிந்ததோ இல்லையோ, அம்மாவுக்குத் தெரிந்தது.

போனுக்குள் தூரத்தில் அந்த அறிவிப்பு கேட்டது. முதல் தடவை. இரண்டாம் தடவை. அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும். வார்த்தை தெளிவில்லை, ஆனால் அந்த எண் மட்டும் தனியாக நிறுத்தி உச்சரித்தது இங்கே கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் மைக்கில் எத்தனையோ வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு பயணி வந்து சேர வேண்டுமே என்று இப்படி நடுங்கியதில்லை.

மூன்று நிமிஷம் போயிற்று. அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம்.

"ஹலோ" என்றது அந்தப் பெண் குரல். இந்தத் தடவை அடங்கி, கிசுகிசுப்பாக. "ஏழாம் நம்பருக்கு ஆள் வந்திருக்கிறது."

"வந்துட்டாளா!" அம்மா கூவியேவிட்டாள்.

"உங்கள் தங்கை இல்லை. ஒரு ஆண். சிரித்த முகம். இடது கை முதுகுக்குப் பின்னால். மஞ்சள் பைக்கு டோக்கன் கொடுத்துக் கேட்கிறார். மனைவி கூட்டத்தில் தவறிவிட்டாளாம், தேடுகிறாராம்."

ஏழு விரலை அவனும்தானே பார்த்துப் படம் எடுத்தான்? அப்பா குரூப்பில் போட்ட 'இன்று ஆறு, ஏழு அல்ல' என்பதையும் அவன்தானே படித்தான்?

"பையைக் குடுக்காதீங்க!" என்று பெரியவள் கத்தினாள். "அதுல அவ பாஸ்போர்ட் இருக்கு. குடுக்காதீங்க. அவன் தேடுறான்னா அவ அவன்கிட்ட இல்ல, அவ தப்பிச்சுட்டா!"

"பை எங்களிடமே இருக்கும். பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கப் பார்க்கிறேன்." பிறகு ஏதோ சலசலப்பு. "போய்விட்டார். சீருடை வருவதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். தேடுகிறோம். உங்கள் தங்கையிடமிருந்து தகவல் வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள்."

அவள் போனை வைத்த மறு நிமிஷம் பெரியவளின் போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். யாருடைய போனையோ கெஞ்சி வாங்கியிருக்க வேண்டும். சின்னவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அக்காவினுடையது ஒன்றுதான்.

'ஏய் பெரிசு. ஏழு கேட்டுது. அவனுக்கும் கேட்டுது. என்னை மேல நிக்க வெச்சுட்டு என்னன்னு பார்க்கக் கீழ போனான், அவன் திரும்பி வர்றதுக்குள்ள நான் பின் வாசல் வழியா வந்துட்டேன். பயமா இருக்கு.'

கீழே ஒரு படம். கலைந்த தலை, வியர்த்த முகம், பின்னால் கல் படிக்கட்டும் ஒரு சிவப்புக் கதவும், கதவுக்கு மேல் கல்லில் செதுக்கிய இரண்டு மீனும். ஒரு கையால் தானே எடுத்த படம். மற்றக் கையில் ஒரே ஒரு விரல்.

"ஒண்ணுன்னா?" என்றார் அப்பா.

"தனியா இருக்கேன்னு சொல்றாப்பா. பக்கத்துல அவன் இல்ல."

அம்மா அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "குடுடி, எம் பொண்ணைக் கண்ணாரப் பார்க்கறேன்." ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திரையில் இருந்த முகத்தைத் தடவித் தடவி அழுதாள். பெரியவள் அவளை விட்டுவிட்டாள். பெற்றவள் ஒரு நிமிஷம் அழட்டுமே என்று இருந்தது.

அப்பா பதினோரு நாள் அட்டவணையையும் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். சிவப்புக் கதவு எதிலும் இல்லை. கல் மீன் எதிலும் இல்லை. அவர் போடாத இடத்தில் மகள் நிற்கிறாள் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நன்றி சொன்னார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. திரையில் 'மாப்பிள்ளை' என்று வந்தது.

பெரியவள் ஸ்பீக்கரை அழுத்தினாள். பேசு என்று கண்ணால் சொன்னாள்.

"மாமா" என்றது அந்தக் குரல். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை. "சௌக்கியமா? சின்னவ கூட்டத்துல எங்கயோ நழுவிட்டா. புது ஊர், பயப்படுவா. அட்டவணையில இல்லாத இடம் ஏதாவது உங்ககிட்ட சொல்லியிருக்காளா?"

அப்பா எச்சில் விழுங்கினார். ஒரு வண்டிக்கும் தப்பாக நேரம் சொல்லாத மனிதர்.

"மணிக்கூண்டு" என்றார். "ரெண்டரை மணிக்கு மணிக்கூண்டுக்குக் கீழ நிப்பேன்னு சொன்னா."

'சொன்னா'வில் காற்று இடறி ஒரு சின்ன விசில் வந்தது. மறுமுனையில் மெல்லிய சிரிப்பு.

"வாய் காஞ்சு போச்சா மாமா? பயந்தா எச்சில் வத்திடும். எச்சில் வத்தினா மேல் செட் நழுவும், விசில் அடிக்கும். நான் கட்டின பல்லுதானே, எனக்குத் தெரியாதா? நீங்க எதுக்கு எனக்காகப் பொய் எல்லாம் சொல்லிச் சிரமப்படணும்?"

அப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பரவாயில்ல, விடுங்க. அவ போன் என் பையிலதான் இருக்கு." போனுக்குள் அவன் காலடிச் சத்தம் கேட்டது, அவசரமில்லாமல், ஒரே அளவாக. "பெரியவ போன்லேருந்து இப்பத்தான் குரூப்ல வந்துது, அத்தை வேலையாத்தான் இருக்கும். 'கிடைச்சுட்டா'ன்னு எழுதி. சிவப்புக் கதவு, மேல ரெண்டு கல் மீன். ரொம்ப அழகா இருக்கு மாமா. யாரைக் கேட்டாலும் வழி சொல்வாங்க."

ஜன்னல் ஓரத்தில் அம்மா, பெரியவளின் போனை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.